கழுவி வந்த டிராக்டர்

புதிதாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை என்றும் அழுத்திச் சொன்னார்கள். கடைச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் பிடித்த கோளாறுகளைப் பற்றிப் பெருமையடிக்க நிறைய உண்டு. அதையெல்லாம் எங்கள் கடைப் பக்கம் டீ குடிக்க வரும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், நடக்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். நான் எழுதப்போவது நான் பிடிக்காமல் விட்ட ஒன்றைப் பற்றி.

மீட்டரை எங்கே வைப்பது, எந்த ஃபியூஸை முதலில் கழற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு ஐடிஐயில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் பேட்டரி இறங்குகிற டிராக்டர் ஒன்று கடைக்கு வந்தால் அதோடு இரண்டு ஆட்களும் வருகிறார்கள். ஒருவர் வண்டிக்குச் சொந்தக்காரர், அவர் பேசிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் டிரைவர், அவர் கொஞ்சம் தள்ளி நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் வாயைத் திறந்து சொல்லப்போகும் வார்த்தை அவருடைய வேலையைத் தொடும் என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியவில்லை.

அந்த டிரைவர் பெயர் தாணு. பூதப்பாண்டிப் பக்கத்துக் கிராமம். அவர் ஓட்டிய டிராக்டர் ஞானதாஸ் சாருடையது. சார் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச் சபையில் மூப்பர், பரம்பரையாக வயல் உள்ளவர். அந்த டிராக்டர் வாங்கிய நாளிலிருந்து பதினேழு வருடம் தாணு ஒருவர்தான் ஓட்டினார். சாருக்கு அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியாது. ஹார்ன் அடிக்க மட்டும் தெரியும் என்று தாணு அவர் முன்னாலேயே சொல்வார், சாரும் சிரிப்பார்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. நான் போட்ட சட்டம்தான். சேற்றோடு வரும் வண்டியில் கை வைக்க மாட்டேன். வயலிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு வந்து, வீல் முழுக்க சேறும் வைக்கோலும் தொங்க நிறுத்தினால், சானல் வாய்க்காலுக்குப் போய்க் கழுவிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவேன். ஒன்றிரண்டு பேர் முனகுவார்கள். தாணு முனகமாட்டார். அவர் சானலில் இறக்கி மணிக்கணக்காகத் தேய்த்து, மட்கார்டின் உள்பக்கம்கூட விரலை விட்டு வழித்து, வெயிலில் காயவைத்துத்தான் கொண்டு வருவார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி வண்டி வந்து நிற்கும். மற்ற டிரைவர்களிடம் நான் அதைக் காட்டி, தாணு வண்டியைப் பாருங்கள் என்று சொல்வேன்.

ஒரு வைகாசியில் அந்த வண்டியில் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. கன்னிப்பூ என்கிற முதல் போக நடவுக்குத் தொழி அடிக்கிற நேரம். தொழி அடிப்பது என்றால் வயலில் தண்ணீர் கட்டி, கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டி, சேறு குழையக் குழைய உழுவது. நம் ஊரில் டிராக்டர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் அவை. உழுது கொண்டுபோய் ஷெட்டில் விட்டால், இரண்டு நாள் கழித்து எடுக்கும்போது செல்ஃப் எடுக்கவில்லை. தாணு தள்ளி ஸ்டார்ட் பண்ணி, கேஜ் வீலைக் கழற்றி, வழக்கம்போலக் கழுவித் துடைத்துக் கடைக்குக் கொண்டு வந்தார். பார்த்தேன். டெர்மினல் சுத்தம் பண்ணினேன், எர்த் பட்டையை மாற்றினேன். எங்கேயும் கரண்ட் கசியவில்லை. அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் திரும்பவும் அதே கதை. இந்த முறை இரண்டு நாள் வண்டியைக் கடையிலேயே வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பியதும் பளிச்சென்று ஸ்டார்ட் ஆனது. மீட்டரிலும் ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் அரைகுறையாகப் பார்க்கவில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தேன், சாவி சுவிட்சைப் பார்த்தேன், ஹார்ன் ரிலே வரைக்கும் பார்த்தேன். தாணு அந்த இரண்டு நாளும் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். உறவுக்காரனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரித்தான் இருந்தது. போகும்போது, என்னவாக இருக்கும் அண்ணாச்சி என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஓட்டும் என்று சொன்னேன்.

மூன்றாவது முறை வண்டி வரவில்லை, ஃபோன் வந்தது. அன்றைக்கு சாருடைய வயலுக்குத் தண்ணீர் முறை. நாற்று பறித்து முடி முடியாகக் கட்டி வரப்பில் கிடக்கிறது. நடவுக்கு வந்த பெண்கள் இருபது பேர் கரையில் நிற்கிறார்கள். வண்டி ஷெட்டில் செத்துக் கிடக்கிறது. சார் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குக் கோபப்பட்டார். என் கடையிலோ நாலு வண்டி வரிசையில் நின்றது. நான் ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தபடி, ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

“எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லும். கோளாறு வண்டியிலயா, ஆளுலயா?”

“வண்டியில ஒரு குத்தமும் இல்ல சார். ரெண்டு நாள் வச்சுப் பாத்தாச்சு.”

“அப்போ?”

“சாவி ஆன்ல கெடந்திருக்கும். இல்லன்னா லைட்டு. கை மறதிதான் சார்.”

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஃபோன் கீழே விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் கவலையாக இருந்தது. எனக்குத் தெரியவில்லை சார், இன்னும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல என் வாய் பழகியிருக்கவில்லை. அத்தனை வருடத்தில் கண்டுபிடிக்காமல் அனுப்பிய வண்டி இல்லை என்று பெயர் எடுத்துவிட்டேன் பாருங்கள், அந்தப் பெயரைக் காப்பாற்ற ஒரு மனிதனை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சார் கெட்டவர் இல்லை. நடவு முடிந்த பிறகு தாணுவைக் கூப்பிட்டு, உமக்கும் வயசாகிறது, கொஞ்ச நாள் ஓய்வு எடும் என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். வேறு ஒரு டிரைவர் வந்தார். அதற்கு மறுநாள் தாணு என் கடைக்கு வந்தார். வண்டி இல்லாமல் அவர் நடந்து வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணாச்சி, நான் சாவிய எடுத்து இடுப்புல சொருவிட்டுத்தான் எறங்குவேன். பதினேழு வருசமா அப்படித்தான். பின்ன எப்படி ஆன்ல கெடக்கும்?”

நான் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னேன். “எல்லாருக்கும் வயசாவும் வே. நான் கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டு வீடு முழுக்கத் தேடுதேன்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாணுவும் சிரித்தார். பிறகு தன் இடுப்பில் சாவி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வரட்டுமா அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய அப்பாவை எனக்குத் தெரியும். கடைசி மூன்று வருடம் அந்த மனிதருக்கு ஞாபகம் முழுதாகப் போய்விட்டது. பெற்ற பிள்ளையைப் பார்த்து நீரு யாருவே என்று கேட்பார். வயலுக்குப் போகிறேன் என்று கிளம்பி மெயின் ரோட்டில் நிற்பார். தாணுதான் தேடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவார், குளிப்பாட்டுவார், சோறு ஊட்டுவார். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவரிடம் கை மறதி என்று சொன்னால் அது அவருக்கு எந்த வார்த்தையாகக் கேட்கும் என்று நான் ஒரு நொடி யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு வண்டி நன்றாக ஓடியது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் பேட்டரியைப் பற்றிப் பேச்சே இல்லை. டிரைவரை மாற்றினதும் வண்டி சரியாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். சாரும் எனக்கு ஃபோன் பண்ணி, நீர் சொன்னது சரிதான் என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அந்த மூன்று மாதமும் வண்டி எருவும் வைக்கோலும் டிரெய்லரில் இழுத்துக்கொண்டு காய்ந்த ரோட்டில் மட்டும் ஓடியது என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. இந்தச் செய்தி தாணுவுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் அதைத் தனக்கு எழுதின தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

புரட்டாசியில் இரண்டாம் போகமான கும்பப்பூவுக்குத் தொழி அடிக்க ஆரம்பித்தார்கள். முதல் மழையில் இரண்டு நாள் வேலை நின்றது. வண்டியை வயலிலேயே விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பேட்டரி செத்துவிட்டது. தள்ளி ஸ்டார்ட் பண்ண வழியில்லை, சக்கரம் பாதி சேற்றில் இருந்தது. கழுவிக்கொண்டு வா என்று சொல்லவும் வழியில்லை. நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினேன்.

வேறு பேட்டரியை மாட்டி மீட்டரை வைத்ததும் முள் நகர்ந்தது. எல்லா ஃபியூஸையும் கழற்றிவிட்டேன், அப்போதும் அது இறங்கவில்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸுக்குப் போகாமல் நேராக எங்கேயோ ஒரு ஒயர் போகிறது என்று அர்த்தம். கையால் தடவிக்கொண்டே போனேன். இடதுபக்க மட்கார்டுக்கு உள்ளே கெட்டியாகச் சேறு அப்பியிருந்தது. அதை வழித்து எடுத்தபோது ஒரு ஒயரின் முனை கையில் வந்தது. சுற்றியிருந்த டேப் பிய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. அந்த ஈரச் சேறுதான் அதற்கும் சேசிஸுக்கும் நடுவில் பாலம் போட்டுப் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. சேறு இருந்தால் கோளாறு இருக்கும். கழுவிக் காயவைத்தால் கோளாறு போய்விடும்.

மஞ்சள் ஒயர். முனையை மடித்து, இரண்டு சுற்று முறுக்கி, அதன் மேல் சிவப்பு டேப். அந்த முறுக்கு என் முறுக்கு. இந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படி முறுக்கமாட்டார்கள்.

முந்தின டிசம்பரில் நான் போட்டது அது. கிறிஸ்மஸ் சமயம் சபைப் பிள்ளைகள் வீடு வீடாகக் கேரல் பாடப் போவார்கள், பார்த்திருப்பீர்கள். சாருடைய டிராக்டரில் டிரெய்லரை மாட்டி, அதில் பெரிய ஸ்டார், சீரியல் லைட்டு, கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் கட்டுவார்கள். அதற்குப் பேட்டரியிலிருந்து லைன் வேண்டும் என்று சார் கேட்டார். பத்து நாள் விஷயம்தானே என்று ஃபியூஸ் வைக்காமல் நேராக எடுத்துக் கொடுத்தேன். தாணு ஒவ்வொரு வருடமும் அந்தக் கேரல் வண்டியை ஓட்டுவார். அவர் சுசீந்திரம் கோவிலுக்குத் தவறாமல் போகிற ஆள், ஆனால் அந்தப் பாட்டெல்லாம் பாடப் பாட அவருக்கு மனப்பாடம். கிறிஸ்மஸ் முடிந்ததும் டிரெய்லர் பக்கம் ஒயரை வெட்டிவிட்டு, முனைக்கு டேப் சுற்றி மட்கார்டு உள்ளே சொருகி வைத்தேன். அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று நினைத்தேன். வைகாசியில் வண்டியைத் தலைகீழாகப் புரட்டித் தேடினபோது அந்த ஒயர் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. நான் போட்டதில் கோளாறு வரும் என்று எனக்குத் தோன்றாது. மறந்தது நான், பழி போனது அவருக்கு.

புது டிரைவர் மேலேயிருந்து என்ன அண்ணாச்சி ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒயரை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நேராக சார் வீட்டுக்குப் போய் அதை அவர் மேசையில் வைத்துச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றி ஒயருக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, தாணுவைக் கூட்டி வாரும், நானும் மன்னிப்பு கேட்கிறேன், வண்டி அவருக்குத்தான் என்றார்.

தாணு அப்போது ஊரில் இல்லை. மயிலாடியில் அவர் மனைவி பகவதியின் அண்ணன் சிலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அங்கேதான் இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை முழுக்க வெள்ளையாகக் கல்தூசி. முகம் வராத பிள்ளையார் ஒன்று முற்றத்தில் நின்றது. பகவதி என்னைப் பார்த்ததும் வாங்க அண்ணாச்சி என்றாள், ஆனால் அவள் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

தாணுவுக்கு அங்கே வேலை, கல் அறுக்கும்போது தண்ணீர் விடுகிற பம்பைப் போடுவதும் நிறுத்துவதும். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் சிற்பிகள் அளவு குறிக்கிற சிவப்புப் பென்சிலால் வரிசை வரிசையாகக் கோடு போட்டிருந்தது. முதலில் ஏதோ கணக்கு என்று நினைத்தேன். பகவதி மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவை பம்பை நிறுத்தியதும் ஒரு கோடு போடுகிறாராம். கோடு இருந்தால்தான் நிறுத்தினதாக நம்புவாராம்.

நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒயரை அவர் கையில் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப்பைப் பிரித்து முறுக்கைத் தடவினார்.

“ஒங்க முறுக்குதான் அண்ணாச்சி.”

“ஆமா தாணு. தப்பு என் மேலதான். உம்ம மேல ஒரு தப்பும் இல்ல. சாரு உம்மள வரச் சொல்லுதாரு.”

அவர் ஒயரைச் சுருட்டி எனக்கே திருப்பிக் கொடுத்தார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“வண்டிக்கு இந்த ஒயரு, செரி. வீட்டுல கேஸ் அடுப்ப ரெண்டு தடவ தெறந்து போட்டுட்டு வந்துட்டேன். அதுக்கு எந்த ஒயருன்னு சொல்லுவிய?”

பகவதிதான் வாசலிலிருந்து சொன்னாள்.

“அணச்ச அடுப்ப அணச்சோமான்னு மறுபடி போயிப் போயித் திருவுனாவ அண்ணாச்சி. அப்படித் திருவும்போதுதான் தெறந்துட்டு. முன்னால ஒருநாளும் அவிய அப்படி இல்ல.”

தாணு அவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, முதலில் அடுப்பு, பிறகு வழி, பிறகு முகம் என்று அவர் எனக்கு நிதானமாக விளக்கினார். டிராக்டர் பக்கம் இனி வர முடியாது, பின்னால் ஆட்கள் நிற்பார்கள், பிரேக்கை விட்டேனா பிடித்தேனா என்று தெரியாமல் போனால் என்ன செய்வது என்றார். நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போகலாம், நான் கூட்டிப் போகிறேன் என்று கெஞ்சினேன். பிறகு ஒருநாள் போனோம். டாக்டர் நோய் ஒன்றும் இல்லை, பயம்தான் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தாணு என்னிடம், நல்ல மனசு உள்ள டாக்டர், என் மனசு கஷ்டப்படக் கூடாதென்று அப்படிச் சொல்கிறார் என்றார். அவர் இன்றைக்கும் மயிலாடியில்தான் இருக்கிறார். டிராக்டரில் ஏறவே இல்லை.

என் கடையில் இப்போது அந்தச் சட்டம் இல்லை. பேட்டரி இறங்குகிற வண்டி என்றால் சேற்றோடு கொண்டுவரச் சொல் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன், முடிந்தால் வண்டி நிற்கிற இடத்துக்கே போகச் சொல்லியிருக்கிறேன். தேடும்போது நீங்கள் போட்ட வேலையை முதலில் தேடுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், அதனால் வாடிக்கையாளர் ஒருவர் போனால் போகட்டும். வண்டியில் குற்றமில்லை என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அடுத்தபடியாக அந்தக் குற்றம் போய் நிற்கிற இடம் ஒரு மனிதன்.

மயிலாடிக்கு முதல் முறை போன அன்று நான் கிளம்புகிற நேரத்தில் பட்டறையில் வேலை நின்றது. தாணு பம்பு சுவிட்சை அணைத்தார். தண்ணீர் சொட்டி நின்றது. கல் அறுப்பவர்கள் கைகழுவப் போய்விட்டார்கள், எங்கும் ஒரு சத்தம் இல்லை. நான் பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, பம்பு ஓடுதா, நின்னுட்டான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னா செரியா இருக்கும்.”

நான் இறங்கிப்போய் பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். நின்றுவிட்டது தாணு என்று சொன்னேன். அவர் சுவரில் ஒரு கோடு போட்டார்.